பன்னிரண்டாவது கறுப்பு அட்டை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. மறதியும் ஜாஸ்தி. ஒன்றை எழுத ஆரம்பித்தால் நடுவில் அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவேன். திரும்பி வந்தால் எங்கே விட்டேன் என்று தெரியாது. படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படித்தேன். அதிலும் பாதி நாள் அம்மை போட்டுப் படுத்திருந்தேன்.

என் எருமைக் கதைப் புத்தகத்தை இரண்டாவது தடவை அச்சடிக்கப் போகிறார்களாம். புத்தகம் போடுகிற சென்னை மேடம் போன் பண்ணி, "கடைசியில நாலு பக்கம் காலியா இருக்கும்மா, உங்களைப் பத்தி நீங்களே எழுதிக் குடுங்க" என்றார். என்னைப் பற்றி எழுதினால் நாலு வரி தேறாது. ஆனால் முதல் தடவை அச்சடித்ததில் ஒரு பக்கம் தப்பாகிவிட்டது. ரயில் ஆம்பூரில் நிற்கிற பக்கம். அந்தத் தப்புக்காக ஏழு வயசுப் பெண் ஒருத்தி என்னோடு காய் விட்டிருக்கிறாள். புத்தகத்தில் மாற்றினால்தான் பழம் விடுவாளாம். அதனால் அந்தத் தப்பு எப்படி வந்தது என்று எழுதுகிறேன். என்னைப் பற்றியும் அதிலேயே வந்துவிடும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மார்க்கிங் டேபிளில் இருந்தேன். ஷூவின் மேல்தோல் துண்டு துண்டாக வெட்டி வரும். அதன்மேல் தகடு வைத்து, தையல் எங்கே போகவேண்டும் என்று பேனாவால் கோடு போடவேண்டும். தைக்கிற பொண்ணுங்க அந்தக் கோட்டின்மேல் தைத்துக்கொண்டே போவார்கள். ஷூ தயாரான பிறகு கோடு தெரியக்கூடாது. அதற்காகவே அந்தப் பேனாவின் மைக்கு ஒரு குணம் உண்டு. பார்க்க வெள்ளி மாதிரி பளபளவென்று இருக்கும், சூடு பட்டால் காணாமல் போய்விடும்.

சூடு காட்டுகிற வேலை எனக்கு எதிர் மிஷினில் இருந்த ஆபாவுக்கு. ஆபா என்றால் உருதுவில் அக்கா. என்னைவிட மூணு வயசு பெரியவர். அவர் என்னைக் கூப்பிடுவது தோஸ்த் என்று. நான் கோடு போடுவேன், அவர் அழிப்பார். இப்படியே இருபது வருஷம்.

"நீ காலைலேர்ந்து கிறுக்கறே, நான் காலைலேர்ந்து அழிக்கறேன். ரெண்டு பேரும் வூட்லயே இருந்தா கம்பெனிக்குக் கரண்டாவது மிச்சம்" என்பார் ஆபா. அவர் பேசுவார், நான் சிரிப்பேன். அதுதான் எங்கள் சிநேகிதம்.

எனக்குப் பெரியவர்களோடு பேச்சு வராது. சூப்பர்வைசர் சார், "இன்னாம்மா, நல்லா இருக்கியா?" என்றால்கூட நான் தகட்டைத்தான் பார்ப்பேன். பதில் தயாராவதற்குள் அவர் நாலு டேபிள் தாண்டிப் போயிருப்பார். கம்பெனி பஸ்ஸிலும் கடைசி சீட்டுதான். நான் ஏறுவது விரிஞ்சிபுரத்தில். ஆம்பூர் போக ஒரு மணி நேரம் ஆகும். கம்பெனியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ரூம் ஒன்று உண்டு. அதில் விடுவதற்காக அம்மாக்காரிகள் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிவருவார்கள். பஸ்ஸில் ஏறினதும் தாய்மார்கள் தூங்கிவிடுவார்கள். பிள்ளைகள் மெதுவாக நகர்ந்து கடைசி சீட்டுக்கு வந்துவிடும். பிள்ளைகளோடு பேசுவதில் எனக்குக் கஷ்டமில்லை. அவர்கள் என்னை நல்லா இருக்கியா என்று கேட்கமாட்டார்கள். "அப்புறம் இன்னா ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள்.

அப்படித்தான் கதை சொல்ல ஆரம்பித்தேன். கம்பெனி கேட் வந்ததும் கதை அந்த இடத்தில் நின்றுவிடும். மறுநாள் எங்கே விட்டேன் என்று எனக்கு ஞாபகம் இருக்காது. "நேத்து குரங்கு கெணத்துல இருந்துது, இன்னிக்கு எப்படி மரத்துல இருக்குது?" என்று சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டைக்குப் பயந்துதான் எழுத ஆரம்பித்தேன். ஆசையால் இல்லை.

ஷூ பெட்டி மூடிகளில் கறுப்பு நிற மூடி ஒன்று உண்டு. மடிந்து போனதை மூலையில் போட்டுவிடுவார்கள். அதை வெட்டி அட்டையாக்கி, சாப்பாட்டு நேரத்தில் மறுநாள் கதையை மார்க்கிங் பேனாவால் எழுதுவேன். பால்பேனா பிடித்தால் என் கை நடுங்கும். மார்க்கிங் பேனா பிடித்தால் எழுத்து தையல் கோடு மாதிரி நேராகப் போகும். கறுப்பில் வெள்ளி எழுத்து அழகாகவும் இருக்கும். கதை சொல்லி முடித்த பிறகு அட்டையை ஆபாவிடம் நீட்டுவேன். அவர் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பார்த்துவிட்டு மிஷினில் காட்டுவார். புஸ்ஸென்று ஒரு சூடான காற்று. அட்டை காலி. மறுநாள் அதே அட்டையில் வேறு கதை.

"படிச்சிட்டாவது அழிக்கறேனே" என்று கிண்டல் பண்ணுவார் ஆபா. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிக்க வராது என்பதால்தான் அவரிடம் கொடுத்தேன். யாராவது படித்துவிட்டால் எனக்கு உடம்பு கூசிப்போகும். கேட்டில் பையைச் சோதிக்கிற செக்யூரிட்டி, "இன்னாம்மா தினமும் அட்டை?" என்பார். "டிபன் பாக்ஸுக்கு அடியில வைக்க" என்பேன். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது.

எத்தனை கதை அப்படிக் காற்றில் போனதோ தெரியாது. அழித்தால் என் தலையிலும் அழிந்துவிடும். எருமைக் கதை மட்டும் தப்பித்ததற்குக் காரணம், பிள்ளைகள் அதை மறுபடி மறுபடி கேட்டார்கள்.

கதை இதுதான். ஜோலார்பேட்டை பக்கத்தில் ஒரு எருமை. குளிக்கத் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர் வந்தால் குடம் வைத்தவர்களுக்குத்தான் கிடைக்கும், எருமைக்கு ஏது குடம்? விரிஞ்சிபுரத்தில் பாலாற்றில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது என்று காக்கா வந்து சொல்கிறது. எருமை பாசஞ்சர் ரயில் ஏறிவிடுகிறது. டிக்கெட் பார்க்கிறவர் வந்து, "உனக்கு நாலு காலு. ஒரு டிக்கெட் போதாது" என்கிறார். "ரெண்டு காலைத் தூக்கிக்கறேன் சார்" என்கிறது எருமை.

இதற்கு எல்லா ஊர்ப் பிள்ளைகளும் சிரிக்கும். எங்கள் பஸ் பிள்ளைகள் அதோடு விடவில்லை. முதல் நாள் சொல்லும்போதே ஒருத்தி பயந்துபோய்க் கேட்டாள், "ஆயா, ரயில் நடுவுல ஆம்பூர்ல நிக்குமா?"

ஆம்பூரில் ரயில் நிற்கத்தானே செய்யும். ஆம்பூரில் எருமைக்கு என்ன வேலை என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் இருப்பார், அம்மா ஷூ கம்பெனியில் இருப்பாள். நானே காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தத் தோலில்தான் கோடு போடுகிறேன். "ரெண்டே நிமிஷம்தான் நிக்கும்" என்று சமாளித்தேன். "ரெண்டு நிமிஷம் போதுமே!" என்று கத்தினார்கள். அந்த ரெண்டு நிமிஷத்தில் எருமை எப்படித் தப்பித்தது என்பதுதான் கதையின் உயிர். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் யோசித்து எழுதி மறுநாள் சொன்னேன். கேட்டவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். அப்போது அவளுக்கு அஞ்சு வயசு. காய் விட்டிருப்பவள் அவள்தான்.

சென்னை மேடம் குழந்தைகள் ரூமுக்குப் படப் புத்தகங்கள் கொடுக்க வந்தார். "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கதை எது?" என்று கேட்டிருக்கிறார். எல்லாம் சேர்ந்து, "எருமைக் கதை!" மேடம் கொண்டுவந்த புத்தகங்களில் தேடினார். இல்லை. "எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்றார். "மார்க்கிங் ஆயாகிட்ட இருக்குது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நான் டேபிளுக்குக் கீழே தகடு தேடுகிற மாதிரி குனிந்தேன். மேடமும் குனிந்தார். "எழுதிக் குடுப்பீங்களா? நான் வேலூர்ல சனிக்கிழமை வரைக்கும் இருப்பேன்."

நான் வாய் திறப்பதற்குள் ஆபா, "குடுப்பாங்க, குடுப்பாங்க. நல்லா எழுதுவாங்க. நான்தான் தினமும் அழிக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டார்.

திங்கள் முதல் புதன் வரைக்கும் எழுதினேன். பன்னிரண்டு அட்டை என்று ஞாபகம். பால்பேனாவில் எழுதியிருக்கலாம். அந்த யோசனையே வரவில்லை. கை தானாக மார்க்கிங் பேனாவைத்தான் எடுத்தது. முதல் தடவையாக அழிக்காமல் வைப்பதற்கென்று எழுதினேன். அன்றைக்குப் பார்த்து டிபன் பாக்ஸ் மூடி சரியாக இல்லை. கத்திரிக்காய்க் குழம்பு கொட்டி அட்டையெல்லாம் நனைந்து சுருண்டுவிட்டது.

"பேஜாரு பண்ணாதே, என்கிட்ட குடு. சென்னைக்காரங்க கையில இப்படியா குடுக்கிறது?" என்று ஆபா வாங்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஆபா கேட்டில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. யாரோ செத்துப்போய்ட்டாங்க என்று நினைத்தேன். பையிலிருந்து அட்டைகளை எடுத்து நீட்டினார். அட்டைகள் தகடு மாதிரி நேராக இருந்தன. சுருக்கமே இல்லை. எழுத்தும் இல்லை.

"இஸ்திரி போட்டேன் தோஸ்த்" என்றார். "மேல துணி வெச்சுத்தான் போட்டேன். கம்மி சூட்டுல."

எங்கள் ஊரில் அந்த மைக்குச் சூடு ஆகாது என்று தெரிந்த பொம்பளைகளைத் தேடினால் முதல் ஆள் ஆபாதான். அதையே இருபது வருஷமாகச் செய்கிற கை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆபா அழுவதைப் பார்த்து, "எனக்குப் பழக்கம்தானே, தினமும் அழிக்கிறதுதானே" என்றேன். அப்படிச் சொன்னது அவரை இன்னும் அழவைத்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் பால்பேனா வாங்கி மறுபடி எழுதிப் பார்த்தேன். எருமை ரயில் ஏறியது, எருமை ரயிலை விட்டு இறங்கியது என்று வருகிறது. நடுவில் ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமைக்கு ரெண்டே நாள். மேடத்திடம் முடியவில்லை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வராது. இதோடு எழுதுவதையே விட்டுவிடலாம் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். அட்டைகளைக் குப்பையில் போடப் போனபோது ஆபா கையைப் பிடித்தார்.

"அந்தக் கம்ப்ளைண்ட் ஞாபகம் இருக்குதா?"

எப்படி மறக்கும்? ஒரு வருஷம் பனி பெய்கிற நாட்டுக்குப் போன ஷூக்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. கடை ஜன்னலில் வைத்த ஷூவில் குளிருக்கு எங்கள் கோடெல்லாம் மறுபடி முளைத்துவிட்டதாம். ஆபாவை நிற்கவைத்துத் திட்டினார்கள். "நான் இங்க ஒழுங்காத்தான் அழிச்சேன் சார், அங்க போய் மொளைச்சா நான் இன்னா பண்றது?" என்று ஆபா கேட்டது இன்னும் கம்பெனியில் பேச்சு.

"குளிர்ல வருதுன்னா," என்றார் ஆபா, "என் வூட்டு ஃப்ரிட்ஜ்ல ஐஸ் கட்ற டப்பா இருக்குது. கறி வெச்சிருக்கேன். கறியை எடுத்து அக்கம்பக்கம் குடுத்துடறேன்."

அன்றைக்கு அவர்கள் தெருவில் நாலு வீட்டுக்குக் காரணம் தெரியாமல் ஆட்டுக்கறி போனது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபா ஓடிவந்தார். அட்டைகளைத் துப்பட்டாவில் சுற்றியிருந்தார். பிரித்தேன். மங்கலாக, பனியில் தெரிகிற மாதிரி, என் எழுத்து. "ரெண்டு காலைத் தூக்கிக்கறேன் சார்." நான் அதைப் படித்தேன். படித்துக் காட்டு, படித்துக் காட்டு என்று ஆபா பிடுங்கினார். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் ஆபாவுக்கு என் கதை ஒன்றைப் படித்துக் காட்டினேன். கதையில் ரயில் வாணியம்பாடி போகிற வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த அட்டையை எடுத்தால் ரயில் ஆம்பூரைத் தாண்டி மேல்பட்டியில் நிற்கிறது.

ஆம்பூர் இல்லை.

"பன்னெண்டு குடுத்தேனே ஆபா."

"பதினொண்ணுதான். ஆண்டவன் சத்தியமா பதினொண்ணு. எண்ணித்தான் வெச்சேன், எண்ணித்தான் எடுத்தேன்."

நான் பக்கத்துக்கு நம்பர் போடவில்லை. என் மறதியும் எனக்குத் தெரியும். ஆம்பூரை எழுதாமலே விட்டிருப்பேன் என்று என்மேலேயே சந்தேகம் வந்தது. எருமை எப்படித் தப்பித்தது? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பிள்ளைகள் எப்போதும் முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள், ஆம்பூர் வருவதற்குள் கம்பெனி கேட் வந்துவிடும்.

சாயங்காலம் பஸ்ஸில் பிள்ளைகளைக் கேட்டேன். சீட்டுக்கு அடியில் ஒளிந்தது என்றான் ஒருவன். மூட்டை வைக்கிற பலகைமேல் ஏறிப் படுத்துக்கொண்டது என்றது இன்னொன்று. "கக்கூஸ்ல போய்க் கதவைச் சாத்திக்கிச்சு!" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான், பஸ்ஸே கக்கூஸ் கக்கூஸ் என்று குதித்தது. தூங்கிய தாய்மார்களெல்லாம் எழுந்துவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் என் முந்தானையை இழுத்து, "இல்ல ஆயா, எருமை ஒளியவே இல்ல" என்றாள். திரும்ப இழுத்தாள். "ஒளியல ஆயா." நான் கக்கூஸ் கூச்சலில் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் நோட்டில் பால்பேனாவால் எழுதி, ஆம்பூரில் கக்கூஸ் போட்டு, சனிக்கிழமை மேடத்திடம் கொடுத்துவிட்டேன்.

புத்தகம் எட்டு மாசத்தில் வந்தது. அட்டையில் எருமை ரயில் ஜன்னலில் தலை நீட்டிச் சிரிக்கிறது. மேல்வரிசையில் பளீரென்று பல் போட்டிருக்கிறார்கள். எருமைக்கு முன்னாடி மேல்பல் ஏது? சென்னையில் எருமையின் வாயை யாரும் பார்த்ததில்லை போல. கம்பெனியில் எல்லோருக்கும் ஆச்சரியம். வீட்டுக்காரர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டி, "நீயா?" என்றார். முப்பத்தஞ்சு வருஷத்தில் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அந்தப் பெண் அப்போது ஆம்பூரில் ஒண்ணாங்கிளாஸ், அதே பஸ்ஸில்தான் வருவாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆம்பூர் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டாள். "நான் அன்னிக்கே சொன்னேன், ஒளியலன்னு. நீங்க கேக்கவே இல்ல. காய்." கடைசி சீட்டிலிருந்து எழுந்து அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் வயசு குறைத்துப் போட்டிருந்ததால் கம்பெனியில் ரெண்டு வருஷம் கூட இருந்தேன். அதுவும் முடிந்து, போன வருஷம் ரிட்டையர் ஆகி வெளியே வந்தேன். இப்போது ரெண்டாவது புத்தகமும் வந்துவிட்டது. மூணாவதுக்குப் படம் போடுகிறார்கள். ஸ்கூல்களில் கூப்பிடுகிறார்கள். பாகாயத்தில் ஒரு ஸ்கூலில் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. நல்லவேளையாக ஒரு பையன் எழுந்து, "எருமை ஏன் ஆம்பூரைப் பார்த்துப் பயப்படுது?" என்றான். "உன் கால்ல இன்னா போட்டிருக்கே கண்ணு?" என்றேன். அவன் குனிந்து ஷூவைப் பார்த்தான். எல்லாப் பிள்ளைகளும் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி மெதுவாகக் காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் என் மேடைப்பேச்சு.

சென்ற மாசம் ஆபா விரிஞ்சிபுரத்துக்கே வந்துவிட்டார். ஃப்ரிட்ஜ் ரிப்பேராகிப் போனதாம். ஐஸ் டப்பாவில் சுவர் மாதிரி கட்டியிருந்த ஐஸ் உருகியதும் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கறுப்பு அட்டை கீழே விழுந்திருக்கிறது. அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஐஸ்கட்டிகளோடு டிபன் கேரியரில் வைத்து, ரெண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தார்.

"பன்னெண்டுதான் தோஸ்த்" என்றார். "நான்தான் எண்ணத் தெரியாதவ."

அந்த அட்டையில் இருந்தது இது. ஆம்பூரில் ரயில் நின்றதும் தோல் ஷாப்காரர்கள் ரெண்டு பேர் ஏறுகிறார்கள். எருமை சீட்டில் உட்கார்ந்தபடியே நடுங்குகிறது. பக்கத்து சீட்டில் ஒரு பொம்பளை. ஜோலார்பேட்டையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவள். தன் போர்வையை எடுத்து எருமையின் தலையோடு மூடிவிட்டு, ரயிலெல்லாம் கேட்கிற மாதிரி சொல்கிறாள்: "எங்க அக்கா. உடம்பு சரியில்ல. எழுப்பாதீங்க." வந்தவர்கள், "அக்கா கொஞ்சம் தாட்டியா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறார்கள்.

நான் எழுதியதுதான். அதையா நான் மறந்தேன்?

அட்டையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். இப்போது ரெண்டாங்கிளாஸ். வாசலில் நின்று நீட்டினேன். வாங்கி, விரல் வைத்துக் கடைசி வரைக்கும் படித்தாள். "எழுப்பாதீங்க" என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"நான் சொன்னது ரைட்டா?" என்றாள்.

"ரைட்டு கண்ணு. நான்தான் கேக்கல."

"பழமா?" என்றும் கேட்டேன்.

"புக்குல மாத்துங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

அதனால் அச்சுக்கு அனுப்பும் முன் யாராவது தயவு செய்து சரிபாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்பட்டி, குடியாத்தம், விரிஞ்சிபுரம் என்று ஸ்டேஷன் வரிசை சரிதானா என்று பாருங்கள். எருமைக்கு மேல்பல்லை எடுத்துவிடுங்கள். ஆம்பூர் பக்கத்தை இந்த அட்டையோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். எனக்கு மறதி, என்னை நம்பவேண்டாம். சந்தேகம் வந்தால் அந்தப் பெண்ணைக் கேளுங்கள், என்னோடு பேசாவிட்டாலும் உங்களோடு பேசுவாள். அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.